மின்சாரத்துக்கு மாறும் வேகக் கார்கள்: சிங்கப்பூர் கார் பிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேகக் கார்களுக்குப் பெயர்போன நிறுவனங்கள் மின்சாரத்துக்கு மாறுவதும், அவற்றில் சில பாதி வழியில் திரும்புவதும் கார் பிரியர்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டது. "சத்தமே இல்லாத காருக்கு எதற்கு அந்தச் சின்னம்?" என்கிறது ஓர் அணி. "மூன்றரை விநாடியில் நூறைத் தொடுகிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்கிறது மற்றொன்று. சிங்கப்பூரில் இந்த வாக்குவாதத்துக்குத் தனிச் சூடு உண்டு. இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் பத்தே ஆண்டுதான். விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. வார இறுதியில் ஓட்டிப் பார்க்க நாட்டுக்குள் பந்தயத் தடமும் இல்லை. அதனால் வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் பதில்கள் பல நமக்குப் பொருந்துவதில்லை.

கோபம் எதைப் பற்றி? மின்கார் வேகமில்லை என்பதா?

வேகத்தை யாரும் மறுக்கவில்லை. ஹியூண்டாய் அயோனிக் 5 என் 3.4 விநாடியில் 100 கிலோமீட்டரை எட்டுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு அது சூப்பர்கார்களின் கணக்கு.

மனக்குறை வேறு இடங்களில் இருக்கிறது: இஞ்சின் சத்தம், கியர் மாற்றும் வேலை, எடை, பத்துச் சுற்று தொடர்ந்து விரட்டினால் சக்தி குறைவது, சொந்தக் கையால் எதையும் கழற்றிப் பூட்ட முடியாமல் போவது, பதினைந்து ஆண்டு கழித்து அந்தக் கார் என்னவாக இருக்கும் என்ற சந்தேகம். எடையையும் சூட்டையும் பற்றிய குறைகள் முழுக்க நியாயமானவை. அவற்றைப் பொறியாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சத்தத்தைப் பற்றிய குறை பாதி நியாயம். "மின்கார் என்றாலே உயிரில்லை" என்பதை மட்டும் ஓட்டிப் பார்க்காமல் சொல்லக்கூடாது.

90 கிலோமீட்டர் வரம்புள்ள ஊரில் இதெல்லாம் என்ன பெரிய வித்தியாசம்?

இந்த ஊரில்தான் பெரிய வித்தியாசம். ஹோண்டாவின் பழைய எஃப்டி2 சிவிக் டைப் ஆர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர் இஞ்சின், 225 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 8,000 சுற்றில். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்குள் நுழையும் சரிவில் இரண்டாம் கியரில் இழுத்தால், 6,000-ஐ நெருங்கும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் மாறி இஞ்சினின் குரலே மாறும். முள் 8,000-ஐத் தாண்டும்வரை ஏறி, மூன்றாம் கியர் போட்டு விட்டு ஓய்வதற்குள் அந்த இஞ்சினிடம் இருந்ததையெல்லாம் கேட்டு முடித்துவிடுவீர்கள். வேகம் வரம்பை ஒட்டித்தான் இருக்கும்.

அதே சரிவில் 400 கிலோவாட் மின்காரின் பெடலை அழுத்தினால் ஒரு தள்ளு, அடுத்த கணம் 90. மோட்டார் முதல் சுற்றிலிருந்தே முழு முறுக்குவிசையைக் கொடுத்துவிடுகிறது. ஏறி ஏறி உச்சத்தைத் தொடும் கட்டம் இல்லை. முதல் வாரம் சிலிர்க்கும், மூன்றாவது மாதம் பழகிவிடும். இங்கே வாங்குபவர் 0–100 கணக்கைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் எவ்வளவு பேசுகிறது, பிரேக் பெடல் பாதத்துக்கு என்ன சொல்கிறது, 40-இலிருந்து 80-க்குள் ஓட்டுநருக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்பவையே முதலில் வர வேண்டும்.

பொய்க் கியர், பொய்ச் சத்தம் எல்லாம் ஏமாற்று வேலைதானே?

காகிதத்தில் படித்தால் அப்படித்தான் தோன்றும். அயோனிக் 5 என் காரில் உள்ள முறை, எட்டு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி போல நடிக்கிறது. ஆனால் நடிப்பு ஸ்பீக்கரோடு நிற்பதில்லை. ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்பை இழுத்தால் மோட்டாரின் விசை ஒரு கணம் வெட்டப்பட்டு உடம்பில் உதறல் தெரிகிறது. கியரைக் குறைத்தால் இஞ்சின் பிரேக் போல இழுத்துப் பிடிக்கிறது. கியரை ஏற்றாமல் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் சிவப்புக் கோட்டில் முட்டி நின்றுவிடும், வேகம் கூடாது. ஓட்டுநர் தவறு செய்ய இடம் கொடுப்பதால்தான் அதில் ஈடுபாடு வருகிறது.

நடைமுறைப் பயனும் உண்டு. வளைவுக்கு முன் வேகமானியைப் பார்க்க நேரமிருக்காது. எந்தக் கியர், எந்தச் சுருதி என்று காதே கணக்குப் போடும். சத்தமில்லாத காரில் அந்தக் கணக்கு கிடைக்காததால் புதியவர்கள் வளைவுக்குள் அதிக வேகத்தோடு நுழைந்துவிடலாம்.

நிறுவனங்கள் வெவ்வேறு வழியில் போகின்றன. டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா வெளியே கேட்கும்படி ஒலியறை வைத்து முழங்குகிறது. ஃபெராரி 2025 அக்டோபரில் தன் முதல் மின்காரின் தொழில்நுட்பத்தைக் காட்டியபோது, பின் அச்சில் உண்மையாக எழும் அதிர்வை உணர்கருவியால் பிடித்து, எலக்ட்ரிக் கிதார் போலப் பெருக்கித் தருவதாகச் சொன்னது. இல்லாத இஞ்சினைப் போலப் பாடுவதைவிட, உண்மையில் உள்ள அதிர்வைப் பெருக்குவது நேர்மையான வழி என்பது எங்கள் கருத்து.

ஒரு வேண்டுகோள்: அயோனிக் 5 என் காரில் வெளிப்பக்கமும் இரண்டு ஸ்பீக்கர் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி நிறுத்துமிடத்தில் இரவு பதினொரு மணிக்கு அது தேவையில்லை.

எடை அவ்வளவு பெரிய குற்றமா?

ஆம். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ. இன்றைய லோட்டஸ் எலெட்ரே சுமார் இரண்டரை டன். எடையைக் குறைப்பதையே மதமாகக் கொண்ட நிறுவனம் அது. ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. மின்கார் மட்டும் குற்றவாளி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஹைப்ரிட்டாக வந்த புதிய பிஎம்டபிள்யூ எம்5 2,400 கிலோவைத் தாண்டுகிறது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63, 4 லிட்டர் வி8-ஐ விட்டுவிட்டு 2 லிட்டர் நான்கு சிலிண்டரும் மோட்டாருமாக வந்தபோது, சக்தி கூடியும் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

பேட்டரி தரையோடு கிடப்பதால் வளைவில் கார் சாய்வது குறையும், உண்மைதான். ஆனால் நிறை நிறைதான். திசை மாற்றவும் நிறுத்தவும் அதற்கேற்ற விசை வேண்டும், அந்த விசை முழுவதும் நான்கு டயர் வழியாகத்தான் போயாக வேண்டும். விளைவு உங்கள் டயர் செலவில் தெரியும். அயோனிக் 5 என் போன்ற 2.2 டன் காரில் 275/35 ஆர்21 டயர். மலிவான அளவு அல்ல. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு என்பதால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுத்தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு வையுங்கள். மாற்று டயர் வாங்கும்போது சுமைக் குறியீட்டை (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) குறைத்து வாங்காதீர்கள். கடைக்காரர் "அதே சைஸ்தான்" என்றாலும் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

நிறுவனங்களே பின்வாங்குகின்றனவே, அப்படியானால் ரசிகர்கள் வென்றுவிட்டார்களா?

ஓரளவு. 2030-இல் விற்பதில் 80 விழுக்காட்டுக்கு மேல் மின்காராக இருக்கும் என்று சொல்லிவந்த போர்ஷே, 2025 செப்டம்பரில் திட்டத்தை மாற்றி, மின்சாரத்துக்கு மட்டும் என்றிருந்த 718 வரிசையின் உயர்நிலை மாடல்களில் பெட்ரோல் இஞ்சின் தொடரும் என்றது. ஃபெராரி 2030-க்கான மின்கார்ப் பங்கை 40 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கியது. முழுமையாக மின்சாரத்துக்குப் போவதாக இருந்த லோட்டஸ் ஹைப்ரிட் பக்கம் திரும்பியது. லம்போர்கினி முதல் முழு மின்காரைத் தள்ளிப்போட்டது. மின் ஹைப்பர்காருக்குப் பெயர் வாங்கிய மேட் ரிமாக்கே, அந்த விலையில் வாங்குபவர்கள் மின்காரை நாடுவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் தலைமையில் வந்த புகாட்டி டூர்பியோன் 16 சிலிண்டர் இஞ்சினோடு வந்தது.

ஆனால் இதை உணர்ச்சியின் வெற்றியாக மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. சீனச் சந்தையில் ஐரோப்பிய ஆடம்பரக் கார்களின் விற்பனை சரிந்தது, மின்கார்களின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்கியது, இவையும் காரணம். பிஎம்டபிள்யூ எம் பிரிவு நான்கு மோட்டார் கொண்ட மின் எம்3-ஐயும் பெட்ரோல் எம்3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் விற்கப் போகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு வாங்குபவரிடம் விட்டுவிடுவதுதான் சரியான வழி.

2030-க்குப் பிறகு சிங்கப்பூரில் பெட்ரோல் கார் வாங்கவே முடியாதா?

2030 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். அந்த வகையில் ஹைப்ரிட்டும் அடங்கும். எனவே வெறும் பெட்ரோலில் மட்டும் ஓடும் புதிய கார்தான் நிற்கும், இஞ்சின் நிற்காது. போர்ஷே 911 ஜிடிஎஸ் டி-ஹைப்ரிட் போன்றவை அந்த வாசலில் நுழைய வாய்ப்புண்டு. எல்லா வாகனங்களும் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது 2040-க்கான இலக்கு.

ஏ பிரிவு சிஓஇ-க்காகச் சக்தி குறைத்து விற்கிறார்களே, அதை வாங்கிப் பிறகு திறந்துவிடலாமா?

ஏ பிரிவு என்பது சிறிய, சக்தி குறைந்த கார்களுக்கான சிஓஇ. அதில் மின்காருக்கு வரம்பு 110 கிலோவாட். அதற்காகவே டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் 110 கிலோவாட் வகை இங்கே விற்பனைக்கு வந்தது. நகருக்குள் ஓட்ட அது தாராளம்.

மென்பொருளால் திறந்துவிடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவான கிலோவாட்டை வைத்தே சிஓஇ பிரிவும் சாலை வரியும் முடிவாகின்றன. அனுமதியில்லாமல் அதை மாற்றுவது சட்டவிரோத மாற்றம்; காப்பீடும் உத்தரவாதமும் அத்தோடு போய்விடும். விபத்து நடந்தால் காரின் கணினிப் பதிவு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

வேக மின்காருக்கு வரி எப்படி?

இங்கேதான் பெட்ரோல் பிரியர்களுக்கு ஒரு சாதகம் ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் காரின் சாலை வரி இஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது: 150 குதிரைத்திறன் 2 லிட்டரும் 300 குதிரைத்திறன் 2 லிட்டர் டர்போவும் ஒரே வரி. மின்காரில் கிலோவாட்டே அளவுகோல், ஆகவே சக்தி கூடக்கூட வரியும் கூடும். அதற்கு மேல் எரிபொருள் தீர்வைக்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி நிலைக் கட்டணம்.

கூடுதல் பதிவுக் கட்டணத்தில் இரண்டுக்கும் ஒரே படிநிலைதான். 2023 பிப்ரவரியில் வந்த கணக்குப்படி, திறந்த சந்தை மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்தடுத்த 20,000-களுக்கு 140, 190, 250, எண்பதாயிரத்துக்கு மேல் 320. மதிப்பு 60,000 வெள்ளி என்றால் கட்டணம் 86,000. மின்காருக்கான தள்ளுபடிகளுக்கு உச்சவரம்பு உண்டு, ஆண்டுதோறும் குறைந்தும் வருகின்றன. வேகக் காரின் விலையில் அவை சிறு துளி. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

செப்பாங்குக்குக் கொண்டுபோய் ஓட்டினால் தாங்குமா?

தாம்சன் சாலைப் பந்தயம் 1973-ஓடு முடிந்தது. மரினா பே தடம் பந்தய நாள்களுக்கு மட்டும். ஜூரோங்கில் ஹியூண்டாய் நிலையத்தின் கூரையில் இருப்பது 620 மீட்டர் சோதனைத் தடம். எனவே நம்மவர்களுக்கு மலேசியாவின் செப்பாங்தான். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. தயாராகிப் போனால் தாங்கும். அப்படியே போனால் மூன்றாம் சுற்றிலேயே ஏமாற்றம்தான்.

முதலில் ஏற்பாட்டாளரிடம் மின்காரை அனுமதிக்கிறார்களா, விபத்துக்குப் பிந்தைய மீட்பு எப்படி என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையிலிருந்து தடம் சுமார் 300 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போனால் பேட்டரியில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துவிடும். தங்காக் போன்ற நிறுத்தங்களில் 180 கிலோவாட் சார்ஜரில் அரை மணி நேரம் ஏற்றிக்கொள்ளுங்கள். சாக்கெட் வகை இங்கே உள்ளதேதான். தடத்திலோ பக்கத்திலோ வேகச் சார்ஜர் அன்று இயங்குகிறதா என்று முந்தைய இரவே செயலியில் பாருங்கள்.

பேட்டரியை 100 விழுக்காடு நிரப்பிக்கொண்டு தடத்தில் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியால் பிரேக் பிடிக்கும்போது திரும்பும் மின்சாரத்தை வாங்க முடியாது. முழுச் சுமையும் டிஸ்க்கின் மேல் விழும். 80-ஐ ஒட்டி ஆரம்பியுங்கள். விரட்டி ஓட்டினால் சாலையில் ஆவதைப் போல நான்கைந்து மடங்கு மின்சாரம் செலவாகும், அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் (கிலோவாட் மணி). அயோனிக் 5 என் காரின் 84 யூனிட் பேட்டரியில் 80-இலிருந்து 20 விழுக்காடு வரை ஏறக்குறைய ஒன்பது சுற்று. இருபது நிமிட அமர்வு ஒன்றுக்கு இது போதும். அடுத்ததற்கு முன் சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

உண்மையான எதிரி சூடு. அயோனிக் 5 என் தடத்துக்கென்று பேட்டரியை 20–30 டிகிரிக்குக் குளிர்வித்து வைக்கும் முறை கொண்டது. மதியம் செப்பாங்கில் காற்றே 34 டிகிரி. வேகச் சார்ஜ் முடித்த கையோடு இறங்கினால் பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். கணினி சக்தியைக் குறைத்துவிடும். சார்ஜுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே குளிர்விக்கும் முறையைப் போட்டு நிழலில் நிறுத்துங்கள். காலை முதல் அமர்வைக் கேட்டு வாங்குங்கள். ஓட்ட முறையில் வேகத்தைவிட நீடிப்புக்கு முன்னுரிமை தரும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மூன்று சுற்று விரட்டினால் ஒரு சுற்று மெதுவாக.

பிரேக் திரவத்தைப் போவதற்கு முன் புதிதாக மாற்றுங்கள். நம் ஈரக்காற்றில் அது நீரை உறிஞ்சும். டாட் 4 திரவம் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். நீர் சேர்ந்தபின் தர அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நேர்கோட்டின் முடிவில் கடைசி வளைவுக்குள் 2.2 டன்னை நிறுத்தும்போது பெடல் தரையைத் தொடுவது இதனால்தான். பட்டைகள் பாதிக்கு மேல் தடிமன் இல்லையென்றால் போகவே வேண்டாம். முதல் அமர்வு முடிந்து டயர் சூடாக இருக்கும்போதே காற்றழுத்தத்தைப் பார்த்துக் கூடியதை இறக்குங்கள். வீடு திரும்பும் முன் மறுபடி நிரப்ப மறக்காதீர்கள். சக்கர நட்டுகளை முறுக்குவிசை ஸ்பேனரால் சரிபாருங்கள்.

அன்றாட ஓட்டத்தில் எது கெடும்?

பிரேக் டிஸ்க். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பட்டைகளுக்கு வேலை இல்லை. மழை ஊரில் டிஸ்க்கில் துரு ஏறும், பட்டை கண்ணாடி போல வழவழப்பாகும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், மின்மீட்பை (வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரத்தைத் திரும்பப் பெறும் முறை) குறைத்துவைத்து 70-இலிருந்து நான்கைந்து முறை நன்றாகப் பிரேக் போடுங்கள். அடுத்தது 12 வோல்ட் சிறு பேட்டரி. பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் இது செத்தால் கதவுகூடத் திறக்காமல் போகலாம். நம் வெயிலில் மூன்றாம் ஆண்டிலிருந்தே சோதித்துப் பாருங்கள்.

வீவக நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாமா?

தாராளமாக. 7.4 கிலோவாட் மெதுச் சார்ஜரில் 84 யூனிட் பேட்டரி 10-இலிருந்து 80 விழுக்காடு ஏற எட்டொன்பது மணி நேரம், ஓர் இரவு.

சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் வேலை பார்க்கலாமா?

டயர், ஸ்பிரிங், பிரேக் பட்டை, அலைன்மென்ட் வரை பார்க்கலாம். வளைவுகளில் விரட்டி ஓட்டும் காரில் முன்சக்கர கேம்பரை (சக்கரத்தின் மேற்புறம் உள்நோக்கிச் சாயும் அளவு) சற்றே கூட்டினால் டயரின் வெளிவிளிம்பு தேய்வது குறையும். ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் இடத்தில் கை வைக்கும் வேலை என்றால், உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவரும் மின்காப்புக் கையுறையும் மின் துண்டிப்பு நடைமுறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். 800 வோல்ட் நேர்மின்சாரம் இரண்டாம் வாய்ப்புத் தராது. தூக்கும்போது பேட்டரி ஓட்டில் ஜாக்கி வைத்து நசுக்குவதும் நடக்கிறது. தூக்கும் புள்ளிகளை நீங்களே காட்டுங்கள்.

பழைய டைப் ஆர் வைத்திருக்கிறேன். சிஓஇ புதுப்பிக்கவா, விற்றுவிட்டு மின்கார் வாங்கவா?

இஞ்சின் நன்றாக இருந்தால் புதுப்பியுங்கள். இப்படி உறுதியாகச் சொல்லக் காரணம், அந்தக் காரைத் திரும்ப வாங்க முடியாது. மின்கார் ஒவ்வோர் ஆண்டும் மேம்பட்டுக்கொண்டே வரும், காத்திருந்து வாங்கலாம். கடந்த மூன்று மாத சிஓஇ விலையின் சராசரியான பிகியூபி தொகையைக் கட்டி 5 அல்லது 10 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டு எடுத்தால் பாதித் தொகைதான், ஆனால் அதன் பிறகு மறுபடி நீட்டிக்க முடியாது. பதினோராம் ஆண்டிலிருந்து சாலை வரியில் 10 விழுக்காடு மிகைவரி, அது படிப்படியாக 50 வரை ஏறும். பரிசோதனை ஆண்டுதோறும். 35 ஆண்டு தாண்டிய கார் என்றால் தொல்வாகனத் திட்டம் உண்டு, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம்.

கட்டும் முன் சிலிண்டர் அழுத்தச் சோதனை, லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதித் துரு, கியர்பெட்டியில் மூன்றாம் கியர் கரகரப்பு, ஏசி கம்ப்ரசர் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ரப்பர் புஷ்கள் நிச்சயம் போயிருக்கும். அவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

மின்கார் டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க?

விற்பனையாளர் முதலில் நேர்கோட்டில் அழுத்திக் காட்டுவார். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வழக்கமாக நீங்கள் போகும் சாலையைக் கேளுங்கள். மின்மீட்பை முழுவதும் அணைத்து ஒருமுறை, முழுவதும் கூட்டி ஒருமுறை மெதுவாக நிறுத்திப் பாருங்கள். மோட்டார் பிடிப்பிலிருந்து பட்டைப் பிடிப்புக்கு மாறும் இடத்தில் பெடல் தடுக்கினால் தினமும் தடுக்கும். வேகத்தடையை 25-இல் கடந்து பின்னிருக்கை எப்படி இருக்கிறது என்று உடன் வந்தவரிடம் கேளுங்கள். செயற்கைக் கியர் இருந்தால் அதைப் போட்டு இருபது நிமிடம், அணைத்து இருபது நிமிடம். உங்கள் பலமாடி நிறுத்துமிடத்தின் வளைவான ஏற்றத்திலும் ஏற்றிப் பாருங்கள். 21 அங்குல ரிம் ஓரக்கல்லில் உரசுவது அங்கேதான்.